பேச்சி கண்ணால் பார்த்தது

என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆபீஸ் ரிப்போர்ட்டில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது. “பார்வையாளர் பேச்சியின் தொடர்ச்சியான கவனக்குறைவு” என்று ஒரு வரி. இங்கிலீஷில்தான் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் இங்கிலீஷ் தெரியும். அதை எழுதிக் கொடுத்தவள் சுப்ரியா. பதினோரு வருஷமாக நான் அக்கா என்று கூப்பிட்ட சுப்ரியா.

என் வேலை கடலை அளப்பது. இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் வன்னியராஜ் தம்பானூரில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அவர்கூட கல்யாணமான புதிதில் சிரித்தார். விழிஞ்ஞத்துக்குத் தெற்கே பாறையை ஒட்டி ஒரு சின்ன மீன்துறை இருக்கிறது. அந்தப் பாறையில் ஆளுயரத்துக்கு ஒரு அளவுகோல் அறைந்திருக்கிறது. மீட்டர், சென்டிமீட்டர் கோடுகள் போட்ட கோல். காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ரெஜிஸ்டரில் எழுத வேண்டும். பத்தொன்பது வருஷம் இதைச் செய்தேன். கான்ட்ராக்ட் வேலைதான்.

தண்ணீர் ஓரிடத்தில் நிற்காது, அலை ஏறும் இறங்கும். அதற்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். பத்து அலைகள் ஏறும் உச்சத்தையும் இறங்கும் தாழ்வையும் பார்த்து நடுவை எடுப்பேன். அவசரப்படுகிறவர்களுக்கு இது வராது. ரெஜிஸ்டரில் பேனாவால் எழுதுவதற்கு முன் ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் குறித்துக்கொள்வேன். துறையில் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும், பென்சில் கரையாது.

சுப்ரியா எங்கள் டெக்னிக்கல் ஆபீசர். கோட்டைக்குப் பக்கத்தில் அக்ரஹாரத்து வீடு. பதினோரு வருஷத்துக்கு முன்பு மாற்றலாகி வந்தபோது, முதல் நாளே ஜீப்பை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாறைமேல் நடந்து வந்தாள். அதற்குமுன் வந்த ஆபீசர்கள் ஜீப்பிலிருந்தே கைகாட்டிக் கேட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆபீசில் மேடம், துறையில் அக்கா. மாதம் ஒருதரமாவது டப்பாவில் புளியோதரை கொண்டுவருவாள். இருவரும் பாறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். என் நாத்தனார் பிரச்சினையை அவளிடம் சொல்லுவேன். அவள் மாமியாரைப் பற்றிச் சொல்லி இரண்டுபேரும் சிரிப்போம்.

2018இல் துறையில் கடலுக்குள் நீளும் ஒரு கான்கிரீட் பாலத்தைப் புதிதாகக் கட்டி, அதன் நுனியில் ரேடார் மெஷின் ஒன்றை வைத்தார்கள். மேலே இருந்தபடி தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக் கடல் உயரத்தைக் கணக்கிடும் மெஷின். அதில் ஒரு சின்னப் பெட்டியில் எண் ஓடும். என் கோலும் அதன் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் அதன்பிறகு என் வேலை. முதல் வருஷம் ஒத்துத்தான் போனது. அடுத்த வருஷம் மெஷின் கொஞ்சம் கூடக் காட்டத் தொடங்கியது. 2021இல் வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர்.

“அக்கா, மெஷின் கூடக் காட்டுது, கேட்டீங்களா?” என்று சொன்னேன்.

“மெஷின் எப்டிடி கூடக் காட்டும்? லட்சக்கணக்குல செலவழிச்சு வெச்சிருக்கு. உன் கண்ணுதான் ஏமாத்தறது. நாப்பது வயசாச்சோன்னோ?”

“என் கண்ணு தப்புன்னா ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்லா? இது எப்பவும் ஒரே பக்கமால்லா இருக்கு.”

அவள் பாறையைப் பார்த்தாள், பிறகு திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். இப்போது நினைத்துப் பார்க்கையில், அப்போதே அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கும் என்றே படுகிறது. பாறை அசையாது. பாலம்தான் புதிது. பாலம் தாழ்ந்தால் மெஷினுக்கும் தண்ணீருக்கும் இடையில் தூரம் குறையும். கடல் ஏறிவிட்டது என்று மெஷின் சொல்லும். நான் பிளஸ் டூ. எனக்கு அன்றைக்கு இவ்வளவு தெரியாது. அவள் எம்.எஸ்ஸி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் மட்டம் பார்க்க வேண்டும், அதாவது பாறையிலிருந்து மெஷின் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். பாறையில் ஒரு பித்தளைக் குமிழ் பதித்திருக்கிறது. அதிலிருந்து மெஷின்வரைக்கும் அங்கங்கே மட்டக்கோலை நிறுத்தி, முக்காலியில் வைத்த கருவி வழியாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கருவி வழியாகப் பார்ப்பது சுப்ரியா, கோலைப் பிடிப்பது நான். பகல் முழுக்க வெயிலில் நிற்கிற வேலை. கொரோனா வந்த வருஷம் அது நின்றது. அதற்கப்புறம் நடக்கவே இல்லை. ஆனால் மட்டம் பார்த்ததாகத் தாள் மட்டும் வருஷாவருஷம் போனது, பழைய எண்களோடு, அவள் கையெழுத்தோடு. எனக்கு அது தெரியும். கோல் பிடிக்கிறவளுக்குத் தெரியாமல் எப்படிப் போகும்? அவள் மாமியார் படுக்கையில் கிடந்த காலம் அது. பாவம், அக்கா எத்தனை பாட்டைத்தான் சுமப்பாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

கண் சமாச்சாரத்தை அவள் அப்படியே விடவில்லை. என்னைத் தன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஒரு பெண். நன்றாகச் சோதித்துவிட்டு மலையாளத்தில், “தூரக் காழ்ச்சக்கு ஒரு குழப்பமும் இல்லல்லோ. வாயிக்கான் மாத்ரம் ஒரு கண்ணாடி மதி” என்றார். தூரத்தில் இருப்பது சரியாகத் தெரிகிறது, புத்தகம் வாசிக்க மட்டும் கண்ணாடி போதும் என்று அர்த்தம். சுப்ரியா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு ஃப்ரேமை அவளே தேர்ந்தெடுத்தாள். எனக்கு அந்தப் பிரவுன் கலர் நன்றாக இருக்கிறது என்றாள். இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறேன், வேறு இல்லை.

அதற்கடுத்த திங்கட்கிழமை துறைக்கு வந்து சொன்னாள்.

“இனிமே ரெஜிஸ்டர்ல மெஷின் நம்பரையே எழுதிடு பேச்சி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வித்யாசம் வந்தா ஹெட் ஆபீஸ்லேர்ந்து கேள்வி மேல கேள்வி வரது. பதில் எழுதி மாளலை.”

“அப்ப நான் எதுக்குக் கோலைப் பாக்கணும்?”

எனக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சாலைக் கடைத்தெருவில் வாங்கிய ஒரு கெட்டி அட்டை நோட்டோடு வந்தாள். “மூஞ்சியைத் தூக்கி வெச்சிண்டிருக்காதே. நீ பாக்கறதை இதுல எழுதிக்கோ, உன் திருப்திக்கு” என்றாள். பையிலிருந்து பேனாவை எடுத்து, அட்டையில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டில் தன் குண்டு குண்டான எழுத்தில் எழுதினாள்: ‘பேச்சி கண்ணால் பார்த்தது. ஆபீஸுக்கு வேண்டாம். சுப்ரியா, 15.7.2021.’

நான் சிரித்துவிட்டேன். என் கோபம் அவ்வளவுதான், ஒரு நோட்டுக்கு அடங்கிவிட்டது. அன்றிலிருந்து ரெஜிஸ்டரில் மெஷின் சொன்னதைப் பேனாவால் எழுதினேன். நோட்டில் கடல் சொன்னதைப் பென்சிலால் எழுதினேன். மழையோ காய்ச்சலோ, ஒருவேளைகூட விட்டதில்லை. அந்த நோட்டைத் துணிப்பையில் போட்டுத் தினமும் கொண்டுபோவேன், கொண்டுவருவேன். அக்கா கையால் எழுதிக் கொடுத்தது என்று அந்தச் சீட்டின்மேல் கண்ணாடிக் காகிதம்கூட ஒட்டி வைத்திருந்தேன்.

2023இல் பாலத்து மெஷின் ரூமுக்கு மேலே வெள்ளைக் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு ஆன்டெனாவைப் பொருத்தினார்கள். அது மேலே சுற்றுகிற சாட்டிலைட்டுகளின் சிக்னலை இரவு பகல் பார்க்காமல் வாங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் இரண்டு நாளில் அதற்கு ஒன்றும் சொல்லத் தெரியாது. இரண்டு வருஷம் சேர்த்துப் பார்த்தால் தான் உட்கார்ந்திருக்கும் இடம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது, எத்தனை இறங்கியிருக்கிறது என்று சொல்லிவிடும். 2025இல் சொன்னது. பாலம் வருஷத்துக்கு ஏழு எட்டு மில்லிமீட்டர் தாழ்ந்துகொண்டிருக்கிறது. அப்போது என் நோட்டில் வித்தியாசம் ஐந்து சென்டிமீட்டர்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கண் ஜெயித்துவிட்டது என்று வன்னியராஜிடம் சொல்லி அன்றைக்குப் பாயசம் வைத்தேன். மடச்சி. பாலம் தாழ்ந்தால் யார் தலையிலாவது அது விழத்தான் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடல் ஏறுகிறது என்று வருஷக்கணக்காக ஹெட் ஆபீசுக்குப் போன எண்களில் பாதி, பாலம் தாழ்ந்த கணக்கு. ரெஜிஸ்டரில் ஏன் வித்தியாசம் வரவில்லை, மட்டத் தாளில் ஏன் தெரியவில்லை என்று விசாரிக்க ஹெட் ஆபீசிலிருந்து யோசுவா என்று ஒரு அதிகாரி வந்தார். மார்த்தாண்டத்துக்காரர். விசாரணை அன்று காலையில் சுப்ரியா என்னைத் தம்பானூரில் ஒரு காபிக்கடைக்கு வரச்சொன்னாள். மசாலாதோசை வாங்கிக்கொடுத்தாள். அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

“அந்தப் பென்சில் நோட்டை எடுத்துண்டு வந்துடாதே பேச்சி. ரெண்டு விதமா எழுதி வெச்சிண்டிருந்தோம்னா திருட்டுத்தனம்னு ஆயிடும். ரெண்டுபேருக்கும் ஆபத்து.”

“சரிக்கா.”

“மட்டம் பாத்தேளான்னு கேப்பார். வருஷாவருஷம் பாத்தோம்னு மட்டும் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். எனக்கு புரமோஷன் லிஸ்ட் வர நேரம்டி. இந்த ஒரு தடவை.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

யோசுவா சார் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். “வருஷா வருஷம் மட்டம் பாத்தீங்களாம்மா? கோலு புடிச்சது நீங்கதானா?”

“ஆமா சார். பாத்தோம். நான்தான் புடிச்சேன்.”

“தினமும் அளவுகோலப் பாத்துத்தான் ரெஜிஸ்டர்ல எழுதினீங்களா?”

இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லித் தரவில்லை. சுப்ரியாவைப் பார்த்தேன். அவள் தன் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசுவா சார் என் பதிலுக்கு ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. மட்டம் பார்த்தபோது கோலைப் பித்தளைக் குமிழில் வைக்காமல் பக்கத்துக் கல்லில் வைத்தது பேச்சி. அளவுகோலைப் பாராமல் மெஷின் எண்ணைக் காப்பியடித்தது பேச்சி. ஆபீசர் சுப்ரியா எழுதிக் கொடுத்த விளக்கத்தின் அடிப்படையில் இது முடிவாகிறது. கோலைப் பிடித்தது தான்தான் என்று பேச்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்டேனாம்! அவளைக் காப்பாற்ற நான் சொன்ன பொய்யிலேயே எனக்குச் சுருக்குப் போட்டிருந்தாள். கான்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிந்தது.

அழுதேன். வேலை போனதற்கு அழவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்காக மட்டும் அழவில்லை. பத்தொன்பது வருஷம் பத்துப் பத்து அலையாகப் பார்த்தவளைக் காப்பியடித்தவள் என்று எழுதிவிட்டாளே, அதுவும் யார் எழுதியது! நோட்டோடு யோசுவா சாரிடம் போ என்று வன்னியராஜ் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் போகவில்லை. அக்கா பயத்தில் எழுதியிருப்பாள், வருவாள், வந்து சொல்லுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

வந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை காலையில், முக்கோலையில் இருக்கும் எங்கள் வாடகை வீட்டுக்கு. பதினோரு வருஷத்தில் என் வீட்டுப் படியை அவள் மிதிப்பது அதுதான் முதல்தடவை. கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. அப்படித்தான் என் புத்தி. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

“இளைச்சுப் போயிட்டியே பேச்சி” என்றாள். கண் கலங்கியிருந்தது. “நான் பண்ணினது மகா பாவம். எனக்குத் தெரியும். ஆத்துல ஒரு வாய் சாதம் எறங்கலை.”

“பரவால்லக்கா” என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. இன்றைக்கும் அந்தப் பரவாயில்லையை நினைத்தால் என்னையே அறைய வேண்டும்போல் இருக்கிறது.

“இப்போ எல்லாத்தையும் சரி பண்ணிடலாம். யோசுவா சார் மறுபடியும் வரார், புதன்கிழமை. துறை வாட்ச்மேன் அவர்கிட்ட சொல்லியிருக்கான், அந்தம்மா எப்பவும் பென்சிலால ஒரு நோட்டுல எழுதிண்டிருப்பான்னு. நாலு வருஷ அளவு மொத்தமும் பாழாப் போச்சுன்னு எல்லாரும் தலையில கைய வெச்சிண்டிருக்கா. உன் நோட்டு இருந்தா கடலோட கணக்கு நேராயிடும். உன் கண்ணு சரின்னு ஊருக்கே தெரியும். என்கிட்ட குடு, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்.”

இதைக் கேட்கத்தானே இத்தனை நாளாகக் காத்திருந்தேன். உள்ளே போய் அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து நோட்டை எடுத்துவந்தேன். அவள் இரண்டு கையையும் நீட்டினாள். கொடுப்பதற்கு முன்னால் ஒருதரம் தடவிப்பார்த்தேன். அந்தச் சீட்டு, அவள் கையெழுத்து, நான் ஒட்டிய கண்ணாடிக் காகிதம். எனக்கு அதைப் பிரிய மனசு வரவில்லை.

“அக்கா, ஒண்ணு செய்யட்டா? இந்த மேலட்டைய மட்டும் நான் வச்சுக்கிடுதேன். நீங்க எழுதித் தந்ததுல்லா, எனக்கு ஒரு ஞாபகத்துக்கு. உள்ள இருக்க பக்கம் பூராவும் நீங்க கொண்டுபோங்க. நம்பர் எல்லாம் அதுலதானே கெடக்கு?”

சத்தியமாக நான் வேறு எதையும் நினைத்துச் சொல்லவில்லை.

சுப்ரியாவின் முகம் மாறியது. “இல்லை, அட்டையோடதான் வேணும்.”

“அட்டையில நம்பர் ஒண்ணும் இல்லியேக்கா.”

“கிழிச்சா ஏத்துக்க மாட்டா. முழுசாக் குடு.”

“அப்ப உங்க போன்லயே எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கிடுங்க. நான் ஒவ்வொண்ணா பிரிச்சுக் காட்டுதேன். நோட்டை புதன்கிழமை நானே முழுசாக் கொண்டாந்து சார் கையில குடுக்கேன்.”

“போட்டோல்லாம் வேண்டாம்டி! சொன்னாக் கேளு, நோட்டைக் குடு.”

நோட்டின் ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். அவளுடைய கட்டைவிரல் அந்தச் சீட்டின்மேல் இருந்தது. கண்ணாடிக் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள், தனக்கே தெரியாமல்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குக் கடலும் வேண்டாம், என் கண்ணும் வேண்டாம். ‘ஆபீஸுக்கு வேண்டாம். சுப்ரியா, 15.7.2021.’ பேச்சி கோலைப் பார்த்தாள் என்பதும், பார்த்ததை எழுதவிடாமல் தடுத்தது யார் என்பதும் அவள் கையாலேயே அந்தச் சீட்டில் எழுதியிருக்கிறது. அதைக் கிழிக்கத்தான் முதல்தடவையாக என் வீட்டுக்கு வந்திருக்கிறாள். நான் பிரியத்துக்காக ஒட்டி வைத்திருந்ததை அவள் பயத்துக்காகத் தேடி வந்திருக்கிறாள்.

நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். “எந்திரிங்க மேடம்” என்றேன். வீட்டில் வைத்து அவளை மேடம் என்று சொன்னதில் அவளுக்கும் விளங்கிவிட்டது.

“பேச்சி, எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கா…”

“எனக்கும் ஒரு பேரு இருந்துச்சு.”

வறுவல் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அதோடு ஸ்கூட்டரில் ஏறிப் போனாள். நாலு வருஷத்து அளவுகள் கேட்டு வந்தவள் ஒரு பக்கத்தையாவது புரட்டிப் பார்க்கவில்லை.

புதன்கிழமைக்கு நோட்டைப் பையில் எடுத்து வைத்துவிட்டேன். கூடவே யோசுவா சாருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவள் எழுதியது பொய் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. கோலைப் பிடித்தேன் என்று அன்றைக்கு நான் சொன்னதை விட்டுவிட்டு அவளுடையதை மட்டும் எழுதினால் என் கண்ணே என்னை நம்பாது. அதனால் பிரவுன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்து, முதல் வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: ‘சார், மட்டம் பார்த்தோம் என்று நான் உங்களிடம் சொன்னது பொய். அவளை நம்பிச் சொன்னேன்.’